ஆலை மருத்துவரும் தொடர்கல்வியும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியை முன்வைத்து ஒரு வரலாறு

பட்டம் பெற்ற பிறகும் ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறியாகும். இது தொடர் மருத்துவக் கல்வி எனப்படுகிறது. இந்தக் கற்றல் மருத்துவரின் தனிப்பட்ட ஆர்வத்தையும் உழைப்பையும் பொறுத்தது என்றே பலரும் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. மருத்துவர் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார், யாரிடம் சம்பளம் வாங்குகிறார், ஒரே நோயாளியை மீண்டும் பார்க்க அவருக்கு வாய்ப்பு உண்டா, கண்டறிந்ததை வெளியே சொல்ல அவருக்கு உரிமை உண்டா என்பவையும் அவருடைய கல்வியைத் தீர்மானிக்கின்றன. இதனைத் தெளிவாகக் காட்டும் துறை ஆலைத் தொழிலாளரின் உடல்நலத்தைக் கவனிக்கும் தொழில்சார் மருத்துவம். சென்னைக்கு மேற்கே உள்ள ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியின் பின்னணியில் அத்துறையின் வரலாற்றையும், அதில் மருத்துவரின் கல்வி வளர்ந்த விதத்தையும் தேங்கிய விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தொழிற்பகுதியின் தோற்றம்

ஸ்ரீபெரும்புதூர் சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ளது. இராமானுசர் பிறந்த ஊர் என்ற பெருமை அதற்கு உண்டு. ஏரிப் பாசனமும் நெல் விளைச்சலும் நிறைந்திருந்த இவ்வட்டாரத்தின் முகம் 1990-களின் பிற்பகுதியில் மாறத் தொடங்கியது. 1996-இல் தொடங்கப்பட்ட ஹூண்டாயின் இந்திய நிறுவனம் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்து செயின்ட்-கோபெய்ன் கண்ணாடி ஆலை வந்தது. 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கி, 2014-இல் மூடப்பட்டது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டெய்ம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்ட் ஆகிய ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. வல்லம் – வடகால் வரை சிப்காட் வளாகங்கள் விரிந்தன.

இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி அவற்றுக்கு உதிரிப்பாகங்கள் செய்து தரும் ஏராளமான சிறிய, நடுத்தர ஆலைகள் உள்ளன. உலோகத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் கூடம், வெல்டிங் கூடம், பெயிண்ட் கூடம், ரப்பர், பிளாஸ்டிக், மின்னணுப் பலகைகள் என வேலைகள் பல. வேலைக்கேற்ப நோய்களும் வேறுபடும். ஆகவே இங்கே பணியாற்றும் மருத்துவர் மருத்துவக் கல்லூரியில் படித்தவற்றோடு புதிதாகக் கற்க வேண்டியவை மிகுதி.

ஆலைக்குள் மருத்துவர் வந்த கதை

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள உறவை முறையாக எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி. 1700-இல் வெளியான தம் நூலில், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு அவர் செய்யும் தொழில் என்ன என்பதையும் கேட்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். பட்டறைகளுக்கு நேரில் சென்று பார்த்தே அவர் தம் அறிவைத் திரட்டினார்.

தொழிற்புரட்சிக் கால பிரிட்டனில் மருத்துவர் ஆலைக்குள் நுழைந்தது வேறு காரணத்துக்காக. 1833-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் 9 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. பிறப்புப் பதிவுகள் சரியாக இல்லாத காலம் அது. எனவே குழந்தையின் வயதை உறுதி செய்து சான்றளிக்க மருத்துவர் தேவைப்பட்டார். பல்லைப் பார்த்து வயது கணிக்கும் முறையும் வழக்கத்துக்கு வந்தது. இந்தியாவில் 1881-ஆம் ஆண்டின் முதல் ஆலைச் சட்டமும் 7 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. சிறாரின் வயதுச் சான்றே காலனிய ஆட்சியில் ஆலை சார்ந்த மருத்துவப் பணியின் தொடக்கமாக அமைந்தது. அப்பணிக்கு நோயறிவு பெரிதாகத் தேவைப்படவில்லை. கையொப்பமிடும் அதிகாரம் போதுமானதாக இருந்தது.

இந்நிலையை மாற்றியவர்களுள் முக்கியமானவர் தாமஸ் லெக். 1898-இல் இவர் பிரிட்டனின் முதல் ஆலை மருத்துவ ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். ஈய நச்சு பற்றிய அறிக்கை எங்கிருந்து வந்தாலும் அந்த ஆலைக்குச் செல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தது. ஒரே நோயைப் பல ஆலைகளில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அதனால் கிடைத்தது. வெள்ளை ஈயப் பெயிண்டைக் கட்டுப்படுத்தும் 1921-ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கையை பிரிட்டிஷ் அரசு ஏற்க மறுத்ததால் 1926-இல் அவர் பதவி விலகினார். அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் 1910 முதல் ஈயத் தொழிற்கூடங்களில் ஏறி இறங்கி ஆய்வு செய்தார். 1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆசிரியப் பணியில் அமர்த்திய முதல் பெண் அவரே.

இம்மூவரின் வாழ்விலும் ஒரு பொது அம்சத்தைக் காணலாம். அவர்கள் வேலை நடக்கும் இடத்துக்குச் செல்ல முடிந்தது. கண்டதை எழுத முடிந்தது. அவர்களது சம்பளம் ஆலை முதலாளியின் கையில் இல்லை.

1948: இரு சட்டங்கள், இரு மருத்துவர்கள்

விடுதலைக்குப் பின் 1948-இல் இயற்றப்பட்ட இரண்டு சட்டங்கள் இந்தியத் தொழிலாளர் மருத்துவத்தின் அடித்தளமாயின. ஒன்று தொழிற்சாலைகள் சட்டம். மற்றொன்று பேராசிரியர் பி.பி. அடார்கரின் 1944-ஆம் ஆண்டு அறிக்கையை அடியொற்றி வந்த ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ. சட்டம். ஈ.எஸ்.ஐ. திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. 1955-இல் தமிழ்நாட்டை எட்டியது.

தொழிற்சாலைகள் சட்டத்தின் 10-ஆம் பிரிவு அரசு நியமிக்கும் சான்றளிக்கும் மருத்துவரைப் பற்றியது. அவர் அந்த ஆலையின் உரிமையாளராகவோ, அதன் தொழிலில் நேரடியாகவோ மறைமுகமாகவோ நலன் உடையவராகவோ இருத்தல் கூடாது என்று அப்பிரிவு விதித்தது. மருத்துவரின் தீர்ப்பு ஆலையின் இலாபத்தோடு கலக்கக் கூடாது என்பதைச் சட்டம் உணர்ந்திருந்தது. 89-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஆலைத் தொழிலாளிக்குச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள நோய் இருப்பதாகக் கருதும் எந்த மருத்துவரும் அதனைத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றது. ஈய நச்சு, சிலிக்கா துகளால் வரும் நுரையீரல் நோய், பஞ்சுத் தூசியால் வரும் மூச்சுத் திணறல், இரைச்சலால் வரும் செவிக்குறைபாடு முதலியன அந்த அட்டவணையில் இடம் பெற்றன.

ஆனால் ஆலைக்குள் அன்றாடம் பணியாற்றும் மருத்துவரின் நிலை வேறு. 500-க்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ அறை வேண்டும் என 45-ஆம் பிரிவு கூறியது. அந்த அறையில் இருப்பவரை நியமிப்பதும் ஊதியம் தருவதும் ஆலை நிர்வாகமே. சான்றளிக்கும் மருத்துவருக்குச் சட்டம் அளித்த தன்னாட்சி இவருக்கு அளிக்கப்படவில்லை. ஆலைக்கு வெளியே இருந்த ஈ.எஸ்.ஐ. மருத்துவருக்குத் தன்னாட்சி இருந்தது. ஆனால் அவர் ஆலையைப் பார்ப்பதில்லை. தம் முன் வரிசையில் நிற்கும் தொழிலாளிக்கு மருந்து எழுதுவதும், விடுப்புக்கும் உதவித்தொகைக்கும் சான்று தருவதுமாக அவரது நாள் கழிந்தது. ஒருவர் ஆலையை அறிவார், பேச இயலாது. மற்றவர் பேசலாம், ஆலையை அறியார். தொழில்சார் மருத்துவக் கல்வி இந்த இடைவெளியிலேயே பல ஆண்டுகள் தேங்கி நின்றது.

போபாலுக்குப் பிறகு

1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் மீதைல் ஐசோசயனேட்டு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். கசிந்தது என்ன, அதற்கு முறிவு உண்டா என்பதை அறியாமலேயே அந்நகர மருத்துவர்கள் சிகிச்சை அளிக்க வேண்டியிருந்தது. ஆலைக்குள் இருந்த வேதியியல் அறிவு ஆலைக்கு வெளியே இருந்த மருத்துவருக்குக் கிடைக்கவில்லை.

இதன் விளைவாகத் தொழிற்சாலைகள் சட்டம் 1987-இல் திருத்தப்பட்டது. ஆபத்தான செய்முறைகள் நடக்கும் ஆலைகள் தொழிலாளரின் உடல்நலப் பதிவேடுகளைப் பராமரிக்க வேண்டும் எனவும், பணிக்கு அமர்த்தும் முன்பும் பின்னர் 12 மாதங்களுக்கு மிகாத இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் எனவும் 41-சி பிரிவு விதித்தது. அதையொட்டி வந்த மாதிரி விதிகள் ஆலை மருத்துவ மையங்களை வகைப்படுத்தின. 200-க்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆபத்தான ஆலைக்கு முழுநேர மருத்துவர் தேவை. அவர் எம்.பி.பி.எஸ். பட்டத்துடன் தொழில்சார் உடல்நலத்தில் குறைந்தது மூன்று மாதப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.

ஏ.எஃப்.ஐ.எச். எனப்படும் மூன்று மாதச் சான்றிதழ் படிப்பு இத்தேவையை நிறைவு செய்கிறது. மும்பையிலுள்ள மத்திய தொழிலாளர் நிறுவனமும், சென்னை தரமணியில் உள்ள வட்டாரத் தொழிலாளர் நிறுவனம் போன்றவையும் இதனை நடத்துகின்றன. எம்.பி.பி.எஸ். படிப்பில் தொழில்சார் நோய்கள் சமூக மருத்துவப் பாடத்தின் ஒரு பகுதியாக மட்டுமே கற்பிக்கப்படுகின்றன. ஆகவே இந்த மூன்று மாதங்கள் மிக முக்கியமானவை. முதன்முறையாக ஒரு வேலை நிலைமையே, அதாவது பணி நியமனத்துக்கான தகுதி விதியே, மருத்துவரை மீண்டும் வகுப்பறைக்கு அனுப்பியது. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு அந்தக் கல்வி ஆலைக்குள் தொடருமா என்பது வேறு கேள்வி.

30 மணி நேர விதி

2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நடத்தை நெறிகள், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தின. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய நெறிகளிலும் தொடர்கல்வி இடம் பெற்றது. ஆனால் அந்நெறிகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன.

ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரம் என்பது ஆண்டுக்கு 6 மணி நேரமே. இந்த விதி வருகையைக் கணக்கிடுகிறது. மருத்துவர் தாம் அன்றாடம் காணும் நோயைப் பற்றிக் கற்றாரா என்பதைக் கணக்கிடுவதில்லை. ஒரகடத்து பெயிண்ட் கூடத்தின் மருத்துவர் இதய அறுவை சிகிச்சை பற்றிய கருத்தரங்கில் அமர்ந்திருந்தாலும் மணிக்கணக்கு நிறைவேறும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதற்குப் பொருந்தும்.

ஆலை மருத்துவ மையத்தில் கற்றல்

ஆலை மருத்துவர் கற்க வேண்டியவை எவை என்பதை மூன்று எடுத்துக்காட்டுகளால் அறியலாம்.

முதலாவது இரைச்சல். பிரஸ் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்பவரின் செவித்திறன் மெல்ல மெல்லக் குறைகிறது. செவிச் சோதனை வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அளவில் முதலில் ஒரு பள்ளம் தோன்றும். பேச்சைக் கேட்பதில் தொல்லை வருவதற்கு வெகு முன்பே இது தெரிந்துவிடும். ஆனால் ஒரே ஒரு வரைபடத்தைக் கொண்டு இதனை உறுதி செய்வது கடினம். அதே தொழிலாளியின் முதல் நாள் வரைபடத்தையும் அடுத்தடுத்த ஆண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வெல்டிங். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டை வெல்டிங் செய்யும்போது எழும் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். ஓரிரு நாளில் தானே தணிந்துவிடும். இது உலோகப் புகைக் காய்ச்சல். அறியாத மருத்துவர் இதனைச் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று கருதி பாராசிட்டமால் தந்து அனுப்பிவிடுவார். புகையை வெளியேற்றும் விசிறி வேலை செய்யவில்லை என்ற செய்தி அந்தக் காய்ச்சலுக்குள் மறைந்திருக்கும்.

மூன்றாவது பெயிண்ட். சிலவகை பெயிண்டுகளில் ஐசோசயனேட்டுகள் உண்டு. இவை போபாலில் கசிந்த வாயுவின் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு சேர்மங்கள். இவற்றால் ஆஸ்துமா வரக்கூடும். விடுமுறை நாட்களில் மூச்சுத் திணறல் குறைகிறதா, வேலைக்குத் திரும்பியதும் கூடுகிறதா என்ற எளிய கேள்வியே நோயின் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இம்மூன்றையும் கற்க நூல் உதவும். ஆனால் நூலறிவை நிலைக்கச் செய்வன நேரம், தொடர்ச்சி, ஆலைக்குள் செல்லும் வழக்கம், பேசும் உரிமை ஆகிய நான்கு நிலைமைகளே. இவை இன்று எப்படி உள்ளன?

ஆலைகள் ஷிப்டு முறையில் இயங்குவதால் மருத்துவ மையமும் ஷிப்டு முறையில் இயங்குகிறது. காயத்துக்குக் கட்டுப் போடுவதும், தலைவலிக்கும் முதுகுவலிக்கும் மாத்திரை தருவதும், மீண்டும் வேலைக்குச் செல்லத் தகுதிச் சான்று தருவதும் அன்றாடப் பணி. மருத்துவர் மையத்தை விட்டு நகர்ந்தால் அவசரத்துக்கு ஆள் இல்லை. ஆகவே உற்பத்திக் கூடத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கும் வெளியூர்ப் பயிற்சிக்குச் செல்வதற்கும் மாற்று மருத்துவர் வேண்டும். மாற்று மருத்துவர் இல்லாத இடத்தில் பயிற்சி என்பது அவருடைய ஓய்வு நாளிலிருந்தோ ஊதியத்திலிருந்தோ கழிக்கப்படும் ஒன்றாகிவிடுகிறது.

ஆலை மருத்துவ மையத்தை வெளி நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் நடத்தும் முறையும் பரவலாகியுள்ளது. அப்போது மருத்துவர் ஆலையின் ஊழியர் அல்லர். ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். ஒப்பந்தம் மாறினால் அவரும் மாறலாம். தொழிலாளர் நிலையும் இத்தகையதே. நிரந்தரத் தொழிலாளரோடு ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சியாளரும் பெருமளவில் வேலை செய்கின்றனர். சில மாதங்களில் வேலையை விட்டுச் செல்பவருக்கு இரண்டாவது செவிச் சோதனை வரைபடம் இருப்பதில்லை. மருத்துவரும் நிலையாக இல்லை, நோயாளியும் நிலையாக இல்லை என்னும்போது அனுபவத்திலிருந்து கற்பது எங்ஙனம்? கல்நார் ஆலைகள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல், தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டைப் பணியில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என ஆணையிட்டது. தொழில்சார் நோய்களுள் சில எவ்வளவு மெதுவாக வெளிப்படுகின்றன என்பதை அந்த 40 ஆண்டுகள் உணர்த்துகின்றன.

நான்காவது நிலைமையே மிகக் கடினமானது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1985-ஆம் ஆண்டின் 161-ஆம் உடன்படிக்கை, தொழில்சார் உடல்நலப் பணியாளர்கள் முதலாளி, தொழிலாளி ஆகிய இரு தரப்பிலிருந்தும் முழுமையான தொழில்முறைத் தன்னாட்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. இந்தியா இதனை ஏற்புறுதி செய்யவில்லை. தொழில்சார் நோயை அரசுக்குத் தெரிவிக்காத மருத்துவருக்குத் தொழிற்சாலைகள் சட்டம் 1,000 ரூபாய் வரை அபராதம் விதித்தது. தெரிவித்த மருத்துவரின் வேலைக்கு அது எந்தப் பாதுகாப்பையும் குறிப்பிடவில்லை. கண்டதைச் சொல்ல முடியாத மருத்துவர் காலப்போக்கில் காண்பதையும் நிறுத்திவிடுவார். தொடர்கல்வி தேய்வதற்குச் சோம்பலைவிட இது பெரிய காரணம்.

இப்பகுதியில் நடந்த மூன்று நிகழ்வுகள்

2010 ஜூலையில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியிலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையில் ஏராளமான தொழிலாளர் மயக்கமும் குமட்டலும் ஏற்பட்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். பூச்சிக்கொல்லி தெளிப்பே காரணம் எனக் கருதப்பட்டது. இத்தகைய நேரத்தில் எந்த வேதிப்பொருள், எவ்வளவு நேரம், எவ்வழியாக உடலுக்குள் சென்றது என்ற மூன்று விவரங்களும் சிகிச்சை அளிப்பவருக்கு உடனே வேண்டும். ஆலைக்குள் இருக்கும் மருத்துவர் இவற்றை முன்கூட்டியே கற்று வைத்திருந்தால்தான் வெளி மருத்துவமனைக்கு உதவ முடியும்.

2021 மே மாதத்தில் கொரோனா இரண்டாம் அலையின்போது, உற்பத்தி வரிசையில் போதிய இடைவெளி இல்லை என்று ரெனோ–நிசான் ஆலையின் தொழிற்சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. அம்மாத இறுதியில் அந்த ஆலையும் ஹூண்டாய் ஆலையும் சில நாட்கள் உற்பத்தியை நிறுத்தின. வரிசையில் நிற்கும் இருவருக்கு இடையே எவ்வளவு தொலைவு வேண்டும் என்பது அடிப்படையில் ஒரு மருத்துவக் கேள்வி. அது நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் பணியாற்றிய பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிகிச்சையில் இருந்தவர்களைப் பற்றிய வதந்திகள் பரவின. டிசம்பர் 18 அன்று பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. விடுதி ஆலை வளாகத்துக்கு வெளியே இருந்தாலும் அங்கே உண்டு உறங்குவோர் ஆலைத் தொழிலாளரே. குடிநீர், சமையற்கூடம், உறங்கும் இடம் ஆகியவை ஆலை மருத்துவர் கற்க வேண்டிய பாடத்துக்குள் அடங்குமா, அடங்காதா என்ற கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது.

ஓர் ஒப்பீடு: அரசு மருத்துவர்களின் அனுபவம்

வேலை நிலைமை மாறினால் கல்வியும் மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு மருத்துவ மேற்படிப்பில் 50 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் முறை இங்கு நெடுங்காலம் இருந்தது. சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றுபவர் மேற்படிப்புக்குச் செல்லலாம். படித்த பின் அரசுப் பணிக்கே திரும்ப வேண்டும். கற்கும் வாய்ப்பு என்பது பணியின் ஒரு பகுதியாகவே ஆக்கப்பட்டிருந்தது.

மருத்துவக் கல்வி விதிகளின் காரணமாக 2017 வாக்கில் இந்த ஒதுக்கீடு தடைப்பட்டது. 2019 அக்டோபர் 25 அன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, கால முறை ஊதிய உயர்வு, நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்ற மருத்துவர் பணியிடங்கள் ஆகியவற்றோடு மேற்படிப்பு ஒதுக்கீட்டையும் கோரிக்கையாக வைத்தனர். ஊதியமும் ஆள் எண்ணிக்கையும் கல்வியும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்தது தற்செயல் அன்று. நவம்பர் 1 அன்று வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பணியிலுள்ள மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் இட ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு எனத் தீர்ப்பளித்தது.

ஆலை மருத்துவருக்கு இத்தகைய ஏணி இல்லை. ஏ.எஃப்.ஐ.எச். சான்றிதழே பலருக்கு முதற்படியும் இறுதிப்படியும் ஆகிறது. அதற்கு மேல் கற்றாலும் கற்காவிட்டாலும் அவருடைய பதவியிலோ ஊதியத்திலோ மாற்றம் வரும் என்ற உறுதி இல்லை.

இன்றைய நிலை

தொழிற்சாலைகள் சட்டத்தை உள்ளடக்கிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம் 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. தொழில்சார் நோயை மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்கும் கடமை இதிலும் தொடர்கிறது.

நோய்களோ மாறிவிட்டன. ஒரே அசைவை நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் மணிக்கட்டு, தோள், முதுகு வலிகள் பூட்டு வரிசைத் தொழிலாளரின் முக்கியத் தொல்லைகள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் தசை–எலும்பு நோய்களையும் மனநலக் குறைபாடுகளையும் சேர்த்துள்ளது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவால் வரும் வலிகளுக்குத் தனி இடம் இல்லை. பட்டியலில் இல்லாத நோயைத் தெரிவிக்கும் கடமை இல்லை. கடமை இல்லாத இடத்தில் கற்கும் தூண்டுதலும் குறைவு.

கற்பதற்கான வளங்கள் தொலைவில் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். தரமணியில் வட்டாரத் தொழிலாளர் நிறுவனம் உள்ளது. சென்னை கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்சார் நோய்களுக்கான மையம் உள்ளது. போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் பணியிட வெப்பம் தொழிலாளர் உடல்நலத்தைப் பாதிக்கும் விதத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. ஸ்ரீபெரும்புதூரிலேயே 100 படுக்கைகள் கொண்ட ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2022-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தமிழ்நாடு அரசு 2024-இல் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டம் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கான பரிசோதனையைப் பணியிடத்துக்கே கொண்டு சென்றது. ஆலை மருத்துவரை இவற்றோடு இணைக்கும் நேரமும் அனுமதியுமே தேவை.

முடிவுரை

மேலே கண்ட வரலாறு ஒரு செய்தியைத் தெளிவாக்குகிறது. வயதுச் சான்று மட்டும் கேட்ட காலத்தில் மருத்துவர் பல்லை எண்ணக் கற்றார். ஆலைக்குள் செல்லும் அதிகாரம் கிடைத்தபோது ஈய நச்சைக் கற்றார். போபாலுக்குப் பின் தகுதி விதி வந்தபோது மூன்று மாதம் படித்தார். மேற்படிப்பு பணியின் பகுதியாக இருந்த இடத்தில் சிற்றூர் மருத்துவர் நிபுணர் ஆனார். ஒவ்வொரு முறையும் வேலை நிலைமை எதைக் கேட்டதோ, எதை அனுமதித்ததோ, அதையே மருத்துவர் கற்றார்.

எனவே ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதி மருத்துவர்களின் தொடர்கல்வியை வளர்க்க விரும்புவோர் கருத்தரங்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதோடு நிற்கக் கூடாது. பயிற்சி நாளுக்கு மாற்று மருத்துவர், ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்பு, உற்பத்திக் கூடத்தைப் பார்வையிட ஒதுக்கப்பட்ட நேரம், ஒப்பந்தத் தொழிலாளி ஆலை மாறினாலும் அவருடன் செல்லும் உடல்நலப் பதிவேடு, நோயை அரசுக்குத் தெரிவிக்கும் மருத்துவருக்கு வேலைப் பாதுகாப்பு ஆகியவை முதலில் வேண்டும். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்ற ராமசினியின் கேள்வி முந்நூறு ஆண்டுகள் பழையது. அதைக் கேட்பதற்கும், வரும் பதிலைப் பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்வதற்கும் ஆலை மருத்துவருக்கு நேரம் கிடைத்தால், பிரஸ் கூடத்தில் இன்று வேலைக்குச் சேரும் இளைஞரின் செவித்திறன் அவர் ஓய்வு பெறும் வரை காக்கப்படும்.